சாமி பல்பும் எட்டாம் நாள் முட்டைகளும்

நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கிற சிவகாசியில், வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் கலந்து கோமாளி மீன் வளர்க்கிறவன் நான். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவனுக்கு இது தேவையா என்று தெருவே கேட்டது. கேட்காதது என் மனைவி மட்டும்தான்.

ஜோடி மீன் இரண்டு முறை, தொட்டிக்குள் நான் சாய்த்து வைத்த ஓட்டுத்துண்டில் முட்டை வைத்தது. இரண்டு முறையும் எட்டாம் நாள் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் மின்னின. அன்று விளக்கை அணைத்ததும் பொரிய வேண்டும். பொரியாமலே செத்தன. உப்பைச் சோதித்தேன், ஹீட்டரை மாற்றினேன், மீன் கடைக்காரரைத் திட்டினேன். மூன்றாம் முறையும் போனால் தொட்டியை விற்றுவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

மூன்றாம் முறை வைத்த முட்டைக்கு எட்டாம் நாள், பொழுது சாய்ந்ததும் ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தேன். தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து வந்தவள், பக்கத்தில் உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருட்டாக்கிட்டேன்னு சொல்றீக. அப்பன் மீனு முட்டைக்குத் துடுப்பால விசிறுறது எனக்கு நல்லாத் தெரியுதே, எப்படி?"

திரும்பினேன். சாமி படத்துக்கு மேல் மஞ்சள் ஜீரோ வாட்ஸ் பல்பு. கம்பெனியில் பக்கத்து அறை வெடித்தபோது அவள் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்ததால் தப்பினாள். அன்று வீட்டுக்கு வந்ததும் போட்ட பல்பு அது. நான்கு வருடமாக யாரும் அணைத்ததில்லை. அதை விளக்கு என்றே நாங்கள் நினைப்பதில்லை. முட்டைக்கோ முழு இருட்டு வேண்டும்.

"ஒரு துணியப் போட்டு மறைச்சிருவோம்," என்றேன்.

"சாமி மேலயா துணியப் போடுவாக?"

எழுந்து போய் சுவிட்சில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அணைத்தாள். நானாக இருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன். அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது. அந்தக் கையைக் கும்பிடத் தோன்றியது.

இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். என் கைக்குள் அவள் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது.

"போட்டுரவா?" என்று கேட்டுவிட்டுப் பல்பைப் போட்டாள். ஓட்டுத்துண்டு காலியாக இருந்தது. இந்த முறையும் போச்சு என்று நினைத்தேன்.

"அங்கன இல்ல, இங்கன பாருங்க."

தொட்டியின் சாமிப் பக்கத்துக் கண்ணாடியில், பல்பு வெளிச்சத்தைப் பார்த்து, இமை முடி அளவு குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் மொய்த்துக்கொண்டிருந்தன.

"அம்புட்டும் உசுரு," என்றாள்.