முட்டையில்லாக் கேக்கின் புது விலாசம்

போன ஞாயிறு மதியம் சாப்பிட உட்காரும்போது போன் அடித்தது.

"தம்பி, எங்கடை கடையைக் காணேல்லை!"

ஜெசிந்தா அக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா சொல்றீங்க? பூட்டை உடைச்சுட்டாங்களா?"

"எனக்கெங்கை பூட்டுப் போட்ட கடை? நீர் செய்து தந்த கடை. இன்ரநெற்றிலை. எப்பிடித் தேடினாலும் இல்லை."

சோற்றை மூடி வைத்துவிட்டு, இந்தப் பலெர்மோ நகரில் அக்கா குடியிருக்கும் ஒரேத்தோ பகுதிக்குப் பஸ் ஏறினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் கம்ப்யூட்டர் பற்றி யார் எது கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை!

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். மன்னார்க்காரர். காலையில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் துப்புரவு வேலை. மதியத்துக்கு மேல் தன் சமையலறையில் கேக். எல்லாரும் போடுகிற கேக் இல்லை — முட்டை இல்லாத கேக். வெள்ளிக்கிழமை விரதத்தில் பிறந்தநாள் வந்துவிட்ட ஒரு சைவக் குழந்தைக்காகச் செய்து பழகியது. இப்போது தேடி வருகிறவர்கள் யார் தெரியுமா? முட்டை பட்டாலே உடம்பு தடித்துப்போகிற பிள்ளைகளின் பலெர்மோ அம்மாக்கள்!

இத்தாலியனில் 'முட்டையில்லாத கேக், பலெர்மோ' என்று தேடினால் அதுவரை முதலில் வந்து நின்றது அக்காதான். பெரிய பெரிய பேக்கரிகள் எல்லாம் அவருக்குக் கீழே. அந்தத் தைரியத்தில்தான், 'ஈஸ்டரோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்' என்று சிஞ்ஞோராவிடம் சொல்லியிருந்தார். மே மாதம் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை விழா... கேக் ஆர்டர் குவியும். குவியவேண்டும்!

முன்பெல்லாம் அக்காவின் பக்கங்கள், மிலானில் இருக்கும் அவருடைய அத்தானின் டிராவல் ஏஜென்சி வெப்சைட்டில் ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தன. விமான டிக்கெட்டுக்கும் விசா விவரத்துக்கும் நடுவே கேக்! வாயில் நுழையாத நீள விலாசம். இந்த வருடத் தொடக்கத்தில்தான் தனி விலாசம் வாங்கிக் கொடுத்தேன். தனிக்குடித்தனம் வைத்த மாதிரி.

வீடு மாறினால் தபால்காரரிடம் சொல்லி வைக்கிறோம் இல்லையா? வெப்சைட்டுக்கும் அதே கதைதான். பழைய விலாசத்துக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பிவிடவேண்டும். பிறந்தநாள் கேக் பக்கத்துக்கு வந்தவரைப் புதிய பிறந்தநாள் பக்கத்துக்கே. எல்லாரையும் கொண்டுபோய் முன்வாசலில் இறக்கிவிட்டால் கடுப்பாகிப் போய்விடுவார்கள்.

அதைவிட முக்கியம், எந்த எண்ணைப் போட்டுத் திருப்புகிறோம் என்பது. 301 என்றால், 'நிரந்தரமாக மாறிப்போய்விட்டார்.' 302 என்றால், 'சும்மா போயிருக்கிறார், வந்துவிடுவார்.' முதலாவதைச் சொன்னால்தான், பழைய விலாசம் சம்பாதித்த நல்ல பெயரைத் தேடுபொறி புதியதன் கணக்கில் சேர்க்கும்.

புது விலாசம் வாங்கிய அன்றைக்கு நான் 301 என்று தட்டும்போது, "உதென்ன நம்பர்?" என்றார் அக்கா. சொன்னேன்.

"நிரந்தரமோ? ஐயோ, அப்பிடிப் போடாதையும். தற்காலிகம் எண்டு போடும்."

"அக்கா, அப்படிப் போட்டா..."

"கேக் ஓடேல்லையெண்டால் அத்தான்ரை பக்கத்துக்கே திரும்பிப் போகலாமெல்லே?"

சோபாவில் சாய்ந்திருந்த அவர் கணவர் அன்ரன் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "தம்பி, இஞ்சை இருக்கிறதுக்குத் தாற பெர்மெஸ்ஸோவையே மூச்சைப் பிடிச்சுக்கொண்டு புதுப்பிக்கிற சனம் நாங்கள். எங்களிட்டைப் போய் நிரந்தரம் எண்டுறீர்! கனடா விசா வந்தால் அடுத்த கிழமையே பறந்திடுவன்."

"உந்தக் கனடாக் கதை எங்கடை கலியாணத்திலையிருந்து ஓடுது," என்றார் அக்கா.

சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை அவர்கள். எந்த நேரமும் கப்பலில் ஏற்றலாமே! அந்த முகங்களைப் பார்த்து வாதாட எனக்கு மனம் வரவில்லை. 302 போட்டேன்.

கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. தேடுபொறி பழைய விலாசத்தையே முதலிடத்தில் வைத்திருந்தது. அதைத் தட்டியவர்கள் புதிய பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு அத்தான் ஏஜென்சியை மூடினார். கையோடு வெப்சைட்டையும் மூடினார். பழைய விலாசம் போனது; அதன் நல்ல பெயரும் கூடவே போனது. புதியதற்கு என்ன மிச்சம்? 'திரும்பி வந்துவிடுவார்' என்று சொல்லப்பட்டவருக்கு யார் அங்கே சொத்து எழுதி வைப்பார்கள்?

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் போன் அடித்தது. பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து ஓர் அம்மா. போன வருடத்துக் கேக் பெட்டியின் மூடியில் இருந்த நம்பரைப் பார்த்து அழைத்திருக்கிறார். "நோ, நோ, சிஞ்ஞோரா!" என்று அக்கா கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். போனை வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"என்னவாம்?" என்றார் அண்ணன்.

"மகளின்ரை முதல் நன்மைக்குக் கேக் வேணுமாம். தேடித் தேடிப் பார்த்தவவாம். 'கடையைப் பூட்டிப்போட்டு ஊருக்கே போட்டியளோ, பிள்ளை அழுகிறாள்' எண்டு கேக்கிறா."

அண்ணன்கூடக் கனடாவை எடுக்கவில்லை.

அக்கா எழுந்து அத்தானுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"அத்தான், பழைய வெப்சைட்டைத் திரும்பத் திறக்கேலுமோ?"

"நீதானே பிள்ளை தற்காலிகம் எண்டு சொன்னனி. வருவாய் வருவாய் எண்டு பாத்தன், காணேல்லை. பூட்டிப்போட்டன்." மறுமுனையில் சிரிப்பு. "ஏன், வரப்போறியோ?"

"இல்லை அத்தான். இனி வரமாட்டன் எண்டு சொல்லுறதுக்குத்தான் திறக்கச் சொல்லுறன்."

"அடி சக்கை! அதைச் சொல்ல உனக்கு என்ரை வாசல் வேணுமாக்கும்! சரி, திறந்து விடுறன். ஒரு கேக் அனுப்பு."

மறுநாளே திறந்தார். உடனே மூடிவிடாதீர்கள், ஒரு வருடமாவது அந்த வாசல் திறந்தே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். பக்கம் பக்கமாக நான் 301 போட, அக்கா பக்கத்தில் நின்று, "நிரந்தரம்தானே? வடிவாப் பாத்துப் போடும்," என்றார்.

"என்னை மட்டும் 302-இலை விடும் தம்பி," என்றார் அண்ணன்.

பிழைக்கப் போன ஊரில் எல்லாருமே கொஞ்சம் இப்படித்தான், இல்லையா? வருடக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, 'இப்போதைக்கு இங்கே' என்கிறோம். நானும்தான் — என் அறை ஜன்னலுக்கு இன்னும் ஒரு திரைச்சீலை வாங்கவில்லை.

இன்று காலை தேடிப் பார்த்தேன். அக்காவின் கடை முதல் பக்கத்தில் இல்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சங்கடத்தோடு அக்காவுக்குப் போன் செய்தேன். பழைய இடத்தைப் பிடிக்க நாளாகும்... ஈஸ்டருக்குள் வருமா தெரியாது... சிஞ்ஞோரா வீட்டு வேலையை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன்.

"சிஞ்ஞோராவிட்டைச் சொன்னது சொன்னதுதான் தம்பி. பழைய இடம் ஆறுதலா, மெல்ல மெல்ல வரட்டும்," என்றார் அக்கா. "நான் இஞ்சைதானே நிக்கிறன்."