வெட்டாமல் கிடந்த துணி

பிள்ளைகளே, உங்கள் அம்மாவைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று தெரிந்தால், "வேற சோலி இல்லையா உங்களுக்கு" என்பாள். இருந்தாலும் எழுதுகிறேன். ஆண்டவர் கையில் விட்டுவிடுவது பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அவளிடம்தான்.

அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்த சமயம் அது. அங்கே கவிழ்ந்ததற்கு இங்கே நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் நின்றுபோய் மிஷின்கள் ஓடவில்லை. நான் கட்டிங் மாஸ்டர், அம்மா அதே கம்பெனியில் செக்கிங், தைத்த பீஸில் குறை பார்க்கிற வேலை. எங்களைப் போலத் தெற்கேயிருந்து வந்தவர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். அந்த நேரத்தில் ஒரே ஒரு சின்ன ஆர்டர் வந்தது. இதை ஒழுங்காக அனுப்பினால் கம்பெனி பிழைக்கும், இல்லையென்றால் பூட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாகத்தான் வந்தது. சரக்கை ஏற்ற வேண்டிய கப்பலுக்கோ நாள் நெருங்கிவிட்டது. பனியன் துணியை ரோல் பிரித்த கையோடு வெட்டக் கூடாது. இழுபட்டு வந்திருக்கும். மேசையில் தளர்வாக விரித்து ஒரு ராத்திரி போட்டுவைத்தால் தன் அளவுக்குத் திரும்பும். அவசரப்பட்டு வெட்டினால், தைத்துத் துவைத்ததும் சுருங்கிவிடும். இது முதலாளிக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் பயம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கே போகிறதோ!

"ஏனுங்க மாஸ்டர், இன்னும் வெட்ட ஆரம்பிக்கலீங்களா?" என்று வந்தார்.

"துணி ஒரு ராத்திரி கெடக்கணும்ங்க."

"கெடக்கோணுமா? அப்படியே தாலாட்டும் பாடுங்க. கப்பல் போயிருமுங்க. போட்டு வெட்டுங்க!"

வெட்டினால் சரக்கு கெடும், வெட்டாவிட்டால் வேலை போகும். பெரியவன் இரண்டாம் வகுப்பு, சின்னவள் பால்வாடி. என் கை கட்டிங் மிஷினைப் பிடித்துவிட்டது.

அப்போது அம்மா செக்கிங் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். "வெட்டாண்டாம்" என்றாள் என்னிடம். பிறகு முதலாளியிடம், "ஒரு ராத்திரி பொறுங்க மொதலாளி. நம்ம வேலைய நாம ஒழுங்கா செய்வோம். மிச்சத்த ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றாள்.

"உங்க சாமி கப்பலப் புடிச்சு நிறுத்திருமாக்கும்?"

"நிறுத்தாட்டாலும் அவரு ஆண்டவருதானுங்க. சுருங்குற பனியன ஏத்திவிட்டுட்டுப் பழிய அவர் தலையில போடக் கூடாதுல்லா?"

டெய்லர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். வெட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அம்மா என்னோடு சேர்ந்து துணியை விரித்தாள். அதன் ஓரத்தை ஒட்டி மேசையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். அப்புறம் நிம்மதியாக மத்தியானச் சோற்றைத் திறந்தாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"நீங்க திங்கலன்னா அந்தக் கருவாட்ட இங்க தாங்க" என்றாள்.

காலையில் வந்து பார்த்தால், துணி அந்தக் கோட்டை விட்டு நான்கு விரல்கடை உள்ளே போயிருந்தது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். நான் வெட்டினேன், டெய்லர்கள் தைத்தார்கள். முதலாளியும் எங்களோடு உட்கார்ந்து நூல் பிசிறு நறுக்கினார்.

கப்பல் எங்களுக்காக நிற்கவில்லை. போய்விட்டது.

சரக்கு கட்டிய அட்டைப்பெட்டிகள் கம்பெனி வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன. "இப்ப என்ன சொல்லுத?" என்று வீட்டில் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"என்னத்தச் சொல்ல? நேத்து இருந்த ஆண்டவர் இன்னைக்கும் இருக்காரு. நகருங்க, அரிசி ஊறப் போடணும்."

என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியாது. தெரிந்தவள் போல அவள் காட்டிக்கொள்ளவும் இல்லை. மறுநாளைக்கு மாவாட்டினாள், உங்கள் யூனிஃபாரத்தைத் துவைத்தாள், ஜெபம் பண்ணினாள், படுத்ததும் தூங்கினாள். எனக்கு இன்றைக்கும் அது வரவில்லை.

பிறகு ஆர்டர் கொடுத்த ஏஜென்டின் ஆள் வந்து ஒரு பீஸைத் துவைத்து, காயவைத்து, அளந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் முதலாளி போனும் கையுமாக உள்ளே வந்தார்.

"அளவு நிக்குதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த கப்பல்ல ஏத்திக்கறாங்களாம். கம்பெனியப் பூட்டறதில்லீங்க." அம்மா பக்கம் திரும்பி, "ஆனா உங்க சாமி கப்பல நிறுத்தலியேம்மா" என்றார்.

"அடுத்த கப்பலும் அவரோடதுதானுங்க" என்றாள் அவள், கையிலிருந்த பீஸைத் திருப்பிப் பார்த்தபடியே.

வேலை முடிந்து அவள் உங்களைக் கூட்டிவரப் போனாள். நான் தனியாகச் சைக்கிளைச் சர்ச் பக்கம் விட்டேன். வார நாள், கேட் பூட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போதும் கேட்கிற எதையும் கேட்கத் தோன்றவில்லை. "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.