தொலைந்த லகரம்

நான் வேலைக்குப் போகும் பேருந்து திரும்புகிற முனையில் ஒரு கடை இருக்கிறது. வாசல் பலகையில் 'பில்தேலெர்' என்று ஒரே சொல்லாக எழுதியிருக்கும். நார்வேக்கு வந்த புதிதில் அதை 'பில்தெ', 'லேர்' என்று இரண்டாக வெட்டி, 'படம் சிரிக்கிறது' என்று பொருள் கண்டுபிடித்து, ஃபோட்டோ ஸ்டூடியோ என்றே முடிவு கட்டிவிட்டேன். ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாமென்று சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலைசீவி உள்ளே போனால், கையெல்லாம் கிரீஸாக ஒரு ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தச் சொல்லை 'பீல்', 'தேலெர்' என்றுதான் வெட்ட வேண்டுமாம். கார் உதிரிபாகக் கடை. இந்த ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று சொற்களை இடைவெளியே விடாமல் ஒட்டி எழுதுவார்கள். எங்கே ஒட்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. நம்மைப் போன்றவர்கள் முட்டி மோதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

மாலை நேர மொழி வகுப்பில் பேரித் என்ற அம்மையார் எங்களுக்கு ஆசிரியை. கூட்டுச்சொல் வந்தால் கைதட்டிப் பிரித்துக் காட்டுவார். முதல் துண்டுக்குப் பலமான தட்டு, அடுத்ததற்கு மெல்லிய தட்டு. ஒரு நாள் கரும்பலகையில் நில உரிமையாளருக்கான சொல்லை எழுதினார். 'யூர்' என்றால் மண். எழுத்தில் கடைசியாக ஒரு டகரம் உண்டு, வாயில் வராது. உரிமையாளருக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ஏறக்குறைய 'ஐயர்' என்றே ஒலிக்கும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் மிராசுதாரரும் ஐயர்தான். அதை அந்த வகுப்புக்கு எப்படி விளக்குவது? பேரித் நடுவில் ஒரு லகரத்தைச் செருகினார். யூர்-லையர். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். "ஒரு எழுத்துதான், கவனம்" என்றார். இந்தப் பக்கத்துப் பேச்சில் ரகரமும் லகரமும் ஒட்டினால் அச்சு அசலாக நம் ளகரம் ஆகிவிடும். 'யூளையர்' என்று சொன்னேன். இங்கே பிறந்தவர்கள்கூட இத்தனை சுத்தமாகச் சொல்வதில்லை என்று பாராட்டினார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சொல்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததற்குக் காரணம் அப்பா. அவர் பெயர் மாரிமுத்து. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்தில் ஐயருடைய நிலத்தைத்தான் ஆயுசு முழுக்க உழுதார். களத்திலேயே குத்தகை நெல்லை அளந்து கொடுப்பார், ரசீது கிடையாது. கழக ஆட்சி வந்து, ஊருக்கு ஊர் செங்கொடி ஏறி, கூலித் தகராறில் கதிர் முற்றிய வயல்கள் அறுக்க ஆளில்லாமல் நின்ற வருஷங்கள் அவை. குத்தகைக்காரர் பெயரைப் பேரேட்டில் பதிய வேண்டும் என்று சட்டமும் வந்தது. பதிந்துவிட்டால் நிலத்தை விட்டு லேசில் இறக்க முடியாது. அப்பா தயங்கித் தயங்கி ஐயரிடம் போய்க் கேட்டார். "எழுத்து எதுக்குடா மாரிமுத்து? நான் இருக்கேனோல்லியோ?" என்றார் அவர். அப்பா அதை நம்பி ஓர் அறுவடை காத்திருந்தார். பிறகு மனசு கேட்காமல் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார். விசாரணைக்கு வந்த ஐயர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே, "அவன் என்னண்ட கூலியாள்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அடுத்த கோடையில் நிலத்தை விற்றுவிட்டு ஐயர் குடும்பம் மெட்ராஸ் போனது. வாங்கியவர் அப்பாவை இறக்கிவிட்டார். தான் உழுத வயலிலேயே அப்பா நிஜமாகவே கூலியாள் ஆனார். அந்த வெறுப்பில்தான் நான் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் இந்தக் குளிரில் கரையேறினேன்.

அம்மா இறந்தபின் அப்பா தனியாளானார். முழங்கால் போய்விட்டது. பிள்ளை என்று நான் ஒருவன்தான். அவரை இங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தேன். நேர்காணலில் இருந்த அதிகாரி கிழக்கே உள்ள விவசாயப் பள்ளத்தாக்குக்காரர். அப்பா என்ன தொழில் என்று கேட்டார். கூலியாள் என்பதுதான் உண்மை. அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். ஆனால் தாலுகா ஆபீஸ் கொடுக்காத பெயரை இங்கேயாவது அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. நிமிர்ந்து உட்கார்ந்து, "யூளையர்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஏறக்குறைய அதே சொல்லைத் திருப்பிச் சொல்லி, "என் அப்பாவும் அதேதான்" என்றார். ஒரு குத்தகைக்காரன் மகனை இன்னொரு குத்தகைக்காரன் மகன் அடையாளம் கண்டுகொண்டான் என்று எனக்கு வயிறு குளிர்ந்தது. கையைக் குலுக்கிவிட்டு வந்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா!

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தந்தை நில உரிமையாளர், சொந்த நாட்டிலேயே பிழைக்க வழியுள்ளவர், ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. பேரித்திடம் காட்டினேன். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பள்ளத்தாக்குப் பேச்சில் 'யூர்' என்பதன் கடைசி எழுத்து நாக்கை மடித்து, கிட்டத்தட்ட நம் ளகரமாகவே புரளுமாம்; நிலச்சொந்தக்காரனைச் சொல்லும் 'யூர்-ஐயர்' அங்கே 'யூளையர்' ஆகிவிடுமாம். அதனால் நான் அவ்வளவு சுத்தமாகச் சொன்ன குத்தகைக்காரன் அவர் காதில் நிலச்சொந்தக்காரனாக விழுந்திருக்கிறான். கூலியாள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் அப்பா வந்திருப்பார். மேல்முறையீட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. பேரித்தே எழுதிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருந்த ராவுத்தரின் மளிகைக்கடைக்கு டிரங்க் கால் போட்டு அப்பாவைப் போனுக்கு வரவழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"நெலத்துக்குச் சொந்தக்காரன்னா போட்டிருக்கு?"

"ஆமாப்பா. தப்பா எழுதிட்டாங்க."

"சர்க்கார் காயிதமா? முத்திரை இருக்கா?"

"இருக்குப்பா. நீங்க கவலைப்படாதீங்க, மாத்தச் சொல்லி எழுதியாச்சு."

பின்னால் ராவுத்தர் யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தது கேட்டது.

"மாத்தாதடா."

"அப்புறம் நீங்க இங்க வரவே முடியாதுப்பா."

"இங்க குத்தகைன்னு எழுதக்கூட ஒருத்தனுக்கும் கை வரல. அங்க எவனோ எழுதியிருக்கான். அது பாட்டுக்கு இருக்கட்டும்." பிறகு சிரித்தார். "நெலத்த விட்டுட்டு நான் எங்கடா வர்றது?"

மனுவைக் கைப்பையில் வைத்துக்கொண்டே மூன்று வாரமும் வேலைக்குப் போய்வந்தேன். கையெழுத்துப் போடவில்லை. அப்பாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன் என்று பிறரிடம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. மறு வருஷம் தை பிறக்குமுன் அப்பா போய்விட்டார். வரப்பில் விழுந்து கிடந்தாராம், அடுத்தவர் வரப்பில். தகவல் வந்து சேர்வதற்குள் எரித்து முடித்திருந்தார்கள்.

போன மாதம் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தேன். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் யூர்-ஐயர் என்று, லகரம் இல்லாமல், இடைவெளி விடாமல் நானே எழுதினேன். அதை வாங்கிப் பார்த்த பெண், "அந்த நிலம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, அவர் அன்பாகக் குனிந்து, ஒவ்வொரு அசையாகப் பிரித்துப் பிரித்து மறுபடி கேட்டார்.