ஐரீனுக்குக் கிடைத்த வாசகர்

ஐரீன் எழுதிய கையேடுகளை யாரும் படித்ததில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாள், அதற்காகப் பொய் சொல்ல முடியுமா? தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்களுக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒரு சின்ன கம்பெனியில், பினாங்குத் தீவின் பாயான் பாருவில், அவளுக்கு வேலை. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பாள். வாங்கியவர்கள் அதைத் திறக்காமலே போனைப் போடுவார்கள்.

"அக்கா, இது எப்படிக்கா?"

"புக்குல மொதப் பக்கத்துலயே இருக்குலா!"

"அத நீங்களே வாயால சொல்லிடுங்களேன்."

தினமும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலம் தாண்டி வருவது இதைக் கேட்கத்தானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த லட்சணத்தில் முதலாளி கெல்வின் ஒரு ஏஜென்ட்டைக் கொண்டுவந்தான். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, செயற்கை நுண்ணறிவு. நாம் பேச்சு வழக்கில் சொன்னால் போதும்; மென்பொருளுக்குள் இருக்கும் கருவிகளைத் தானே எடுத்து வேலையை முடித்துவிடும். பொத்தானே வேண்டாம் என்றான பிறகு கையேடு எதற்கு?

"மனசுல வெச்சுக்காதீங்கக்கா. இது ஒழுங்கா ஓடிருச்சுன்னா மாசக் கடைசியோட உங்க போஸ்ட்ட மூடுறாப்புல இருக்கும்" என்றான். வயதில் சின்னவன், கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னான். ஐரீன் தலையாட்டிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கருவிகளைச் செய்தவன் கம்பெனியில் புரோகிராம் எழுதும் குணாளன். ஒவ்வொரு கருவியும் எதற்கு என்று ஏஜென்ட் படித்துக்கொள்ள ஒரு வரி விளக்கமும் எழுதிவைத்திருந்தான். ஆபீஸ் ஆட்களையே பயணிகளாகப் பதிந்து ஒத்திகை பார்த்தான். 'நாளைக்கு ரோட்டில் வேலை நடக்கிறது, பஸ் ஏறும் இடத்தை மாற்று' என்று ஏஜென்ட்டிடம் கேட்டான். கேட்டு வாயை மூடவில்லை, ஆபீசில் இருந்த அத்தனை போனும் ஒன்றாக அலறின. உங்கள் பஸ் ரத்து! ஏஜென்ட் பழைய பயணத்தையே அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டிருந்தது. அழித்தால் எல்லாருக்கும் ரத்துச் செய்தி பறக்கும் என்பது அங்கே கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். அதனாலேயே அந்தப் பக்கம் யாரும் கை வைப்பதில்லை.

"மண்டையே இல்லக்கா இதுக்கு" என்றான் குணாளன்.

ஐரீனுக்கு உள்ளுக்குள் குதூகலம்தான், மறைப்பானேன்? நன்றாக மண்ணைக் கவ்வட்டும் என்று நினைத்துக்கொண்டே, ஏஜென்ட் என்ன யோசித்து இதைச் செய்தது என்ற பதிவைத் திறந்தாள்.

'இடத்தை மாற்றும் கருவி, நிறுத்தத்தின் எண்ணைக் கேட்கிறது. அந்த எண் எங்கே கிடைக்கும் என்று விளக்கத்தில் இல்லை. அழிக்கும் கருவிக்கு "பயணத்தை அழிக்கும்" என்று மட்டும் இருக்கிறது. வேறு விளைவு எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறேன்.'

அவளுக்குப் புல்லரித்துவிட்டது. அட ஆண்டவரே, படித்திருக்கிறது! இருந்த ஒற்றை வரியை எழுத்து விடாமல் படித்திருக்கிறது. இல்லாததையும் கவனித்திருக்கிறது. படித்ததை அப்படியே நம்பியும் இருக்கிறது. கஞ்சப் பிரபு குணாளன் ஒரு வரிக்கு மேல் எழுதாவிட்டால் அது என்ன செய்யும், பாவம்!

"தம்பி, இந்த விளக்கத்தையெல்லாம் நான் எழுதட்டா?"

"எழுதுங்க. ஆனா அது ஓடிருச்சுன்னா போறது உங்க வேலதான். தெரியும்ல?"

"தெரியும்லா. நீ தள்ளு."

தெரிந்துதான் செய்தாள். அந்த நாட்களில் அவளைப் பார்த்தவர்கள் லாட்டரி விழுந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் மீ கோரெங் ஆறிப்போகும், அவள் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள். இந்தக் கருவியை எப்போது எடுப்பது, எப்போது தொடவே கூடாது, தொட்டால் யாருக்குச் செய்தி போகும், எண்ணை எங்கே தேடுவது, தெரியாவிட்டால் யாரைக் கேட்பது.

"இவ்வளவு எதுக்குக்கா?" என்று குணாளன் அலுத்துக்கொண்டான்.

"ஆபீசுக்குப் புதுசா ஒருத்தர் வர்றாரு. சாவியக் கையில குடுத்து, 'இது தொறக்கும்'னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுவியா நீ?"

முதல் முயற்சியில் அவளும் சறுக்கினாள். புரியட்டுமே என்று 'உதாரணமாக, பாயான் பாரு சந்தை எதிரில்' என்று எழுதிவைத்தாள். அது பினாங்கில் உள்ள அத்தனை பேரையும் பாயான் பாரு சந்தை எதிரில் கொண்டுபோய் நிறுத்தியது. வயிறு வலிக்கச் சிரித்தாள். மனிதர்கள் ஒரு தடவையாவது இப்படி அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார்களா? உதாரணத்தை எடுத்துவிட்டு, நிறுத்தங்களின் பட்டியலை எந்தக் கருவி தரும் என்று எழுதினாள். ஏஜென்ட் பட்டியலை எடுத்தது, எண்ணைப் பிடித்தது, இடத்தை மாற்றியது. ஒரு போனும் அலறவில்லை. ஐரீன் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினாள்.

வாடிக்கையாளர் பார்க்க வருகிற நாள் வந்தது. ஒரு பெரிய தொழிற்சாலையின் போக்குவரத்தைக் கவனிக்கும் சுஹானா வந்து உட்கார்ந்தார். வந்ததும் வராததுமாகத் தானே ஏஜென்ட்டிடம் கேட்டார்: தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் சாலை அடைப்பு, அங்கே பஸ் ஏறுகிறவர்களுக்கு வேறு இடம் போடு.

ஏஜென்ட் ஒன்றும் செய்யவில்லை. திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: 'முந்தின இரவு வேலைக்குப் போகிறவர்கள் தைப்பூசத்தன்று காலையில் அங்கேதான் வந்து இறங்குவார்கள். இந்தக் கருவி ஏறும் இடத்தை மட்டுமே மாற்றும். இறங்கும் இடத்தையும் மாற்றட்டுமா?'

கெல்வினுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சொன்னதச் செய்யாம இது ஏன் கேள்வி கேக்குது?"

"யா அல்லா! நைட் ஷிஃப்ட்டு ஆளுங்க!" சுஹானா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடியோட மறந்துட்டேன். அத்தன பேரும் காவடிக் கூட்டத்துக்கு நடுவுல மாட்டியிருப்பாங்க. இது எப்படிங்க இதுக்குத் தெரிஞ்சுது?"

"அதுக்குத் தெரியாது. ஏறுற எடத்த மாத்துனா மறுநாள் எறங்குறவங்களையும் பாருன்னு ஐரீன் அக்கா எழுதி வெச்சிருக்காங்க" என்றான் குணாளன். நல்ல பிள்ளை. அந்த இடத்தில் மழுப்பாமல் சொன்னான் பாருங்கள்.

சுஹானா அந்த விளக்கத்தைக் கேட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். தான் எழுதியதை ஒரு மனுஷி படிப்பதை ஐரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"லீவு நாள் பஸ், ஓவர்டைம் பஸ், அதுக்கெல்லாமும் இப்படி எழுதியாச்சா?"

"இன்னும் இல்ல" என்றான் கெல்வின்.

"அப்ப எழுதி முடிங்க. அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

கெல்வின் திரும்பினான். "அக்கா, எல்லாத்தையும் எழுத ஒரு ரெண்டு மூணு மாசம் ஆகுமா?"

"ஆகும் தம்பி. ஆனா மாசக் கடைசியோட என் போஸ்ட்டுதான் இல்லையே?"

சுஹானா தாளிலிருந்து கண்ணை எடுத்துக் கெல்வினைப் பார்த்தார்.

"அப்படி யாரு சொன்னது அக்கா?" என்றான் கெல்வின்.