பெய்ஷென் கேட்காத மூச்சு

நாரின் நகரத்துப் பக்கத்து மலைகளில் யார் பந்தயக் குதிரை வாங்கினாலும் முதலில் பெய்ஷெனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டார், குளம்பைத் தூக்கிப் பார்க்க மாட்டார். ஒரு ஓட்டம் ஓடவிட்டு, வந்து நின்றதும் விலா முடிகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொள்வார். வெளியே வருகிற மூச்சுதான் அவருக்குக் கணக்கு. அது ஒரே வீச்சில் வந்தால் குதிரை தேறும். பாதியில் தயங்கி, வயிற்றை எக்கி இரண்டாவதாக ஒரு தள்ளுத் தள்ளினால், "வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்கப்பா, நெஞ்சு போயிருச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். எவ்வளவு கெஞ்சினாலும் பேச்சை மாற்ற மாட்டார்.

லாயத்தில் ஒரு பிடி புல்லைக்கூட நனைக்காமல் போட விடமாட்டார். தூசி நெஞ்சில் இறங்குமாம். நாலு சுவரிலும் ஜன்னல் வேறு. வீட்டுக்கு இருந்ததோ ஒரே ஜன்னல், குளிர்காலத்தில் அதையும் கம்பளித் துண்டால் அடைத்துவிடுவார்கள். இந்த லட்சணத்தில் காது கூர்மை என்று ஊரெல்லாம் பேர்!

அந்த வீட்டுக்குள்தான் அவர் மனைவி ஷார்கான் வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் வறட்டி எரித்தாள். ஊரைக் கணக்கிடும்போது இத்தனை குடும்பம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, இத்தனை புகை என்றுதான் சொல்வார்கள். புகை எழும்பாத வீடு செத்த வீடு. விடியும்போது ஷார்கானின் புகைதான் முதலில் எழும்பும், அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

இருமல் வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஓடையிலிருந்து தண்ணீர் தூக்கி வரும்போது பாதியில் நின்றாள். மூச்சு வாங்குவது கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத்தான், மலையில் பிறந்தவளுக்கு ஏது?

"என்ன கிழவி, பிஷ்கெக்குலேர்ந்து நேத்துதான் வந்தியா? இப்படி இரைக்குது?" என்றார் பெய்ஷென்.

"குதிரைக்கு வச்ச காதை எனக்கும் ஒருநாள் வையேன், கிழவா" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பக்கத்து வீட்டுப் புர்மகான் வந்து, கண்ணேறுதான், மலை மரம் ஆர்ச்சாவின் புகை காட்டினால் சரியாகும் என்றாள். பெய்ஷெனே சரிவில் ஏறி அந்த ஆர்ச்சாத் தழையை ஒடித்து வந்தார். கதவைச் சாத்தி, இரும்புச் சட்டியில் தழையைக் கொளுத்தி, மனைவியின் தலையைச் சுற்றி "அலஸ், அலஸ்" என்று பீடையை விரட்டிப் புகை காட்டினார். இருமினாள், இன்னும் காட்டினார். அவளும் சொன்னபடி நன்றாக இழுத்துக்கொண்டாள். ஆசையோடுதான் செய்தார், பாவி மனுஷன். அந்தக் குளிர்காலம் முழுக்கச் செய்தார்.

பனி உருகியதும் ஒருவர் மஞ்சள் குதிரை ஒன்றைக் கொண்டுவந்தார். பெய்ஷெனின் கை அதன் விலாவில் இருந்தது. ஒரு மூச்சு, தயக்கம், இரண்டாவது தள்ளு. உதட்டைப் பிதுக்கிக் கண்ணைத் திறந்தார். எதிரே ஷார்கான் விருந்தாளிக்குத் தேநீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். நடு முற்றத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. சுடுகிற கிண்ணத்தை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட்டாள். அது பாதியில் நின்றது. வயிறு எக்கியது.

"என்ன பெரியவரே, குதிரை தேறுமா?"

பெய்ஷென் குதிரையை விட்டுவிட்டார். முற்றத்தைக் கடந்து போய், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று மனைவியின் விலாவில் கை வைத்தார்.

"ஐயே, ஆளுங்க நிக்கிறாங்க, கையை எடு!"

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"எது?"

"இந்த ரெண்டாவது தள்ளு."

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன குதிரையா?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நகரத்து டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், படம் எடுத்தாள், ஊதச் சொன்னாள். "புகை தின்ன நுரையீரல் இது. போனது திரும்பாது. இருக்கிறதாவது நிக்கணும்னா, இனிமே ஒரு பொட்டுப் புகைகூட ஆகாது." ஆர்ச்சாவைப் பற்றிப் பெய்ஷென் வாய் திறந்து கேட்டார். டாக்டரம்மா, "அதுவும் புகைதானே பெரியவரே" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஷார்கான் அழுதாள். "என் அடுப்பு அணைஞ்சா ஊரு என்ன பேசும்?"

"பேசிட்டுப் போகட்டும்."

லாயத்தைப் போல வீட்டுக்கும் ஜன்னல் வைத்தார். சுவரைத் துளைத்து அடுப்பின் வாயை வெளிப்பக்கம் திருப்பினார். பனியில் நின்று அவரே வறட்டி திணித்தார், அவரே ரொட்டி சுட்டார். "பெய்ஷென் மருமகளா வந்துட்டான்டா!" என்று ஆண்கள் கேலி செய்தார்கள். ஷார்கான் தலையணைகளில் சாய்ந்தபடி ஜன்னல் வழியாக அதட்டுவாள்: "மாவை அடிச்சுப் பிசை! குதிரையைத் தட்டிக் குடுக்குற மாதிரி தட்டாதே!"

அப்படி இரண்டு குளிர்காலம் இருந்தாள். மூன்றாவதைத் தாண்டவில்லை.

பெய்ஷென் வழக்கப்படி வாசலில் தடியில் சாய்ந்து நின்று ஓலமிட்டார். செத்த வீட்டுக்குக் காட்ட வேண்டும் என்று புர்மகான் ஆர்ச்சா புகையும் சட்டியோடு வந்தாள். பெய்ஷென் ஓலத்தை நிறுத்திவிட்டு வாசற்படியை மறித்தார்.

"உள்ள கொண்டு போகாதே, தங்கச்சி."

"காட்டாம விடலாமா, அண்ணே?"

"வேண்டாம்மா. அவளுக்கு ஆகாது."

புர்மகான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியில் கவிழ்த்தாள்.