பூ கட்டுவதும் வேலைதான்

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடு. அப்பாவுக்குத் தண்டவாள வேலை. எனக்குக் கீழே நான்கு பேர். இரண்டு வருஷம் பங்சாரில் ஒரு தையல் கடையில் பொத்தான் வைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் அரசாங்க அலுவலகம் ஒன்று ஆள் எடுத்தது. உபகாரச் சம்பளம் கொடுத்து ஒரு வருஷம் படிக்க வைப்பார்கள். பிறகு பொருளாதார மேம்பாட்டுப் பிரிவில் வேலை. சின்ன வியாபாரிகளைத் தேடிப் போய் விவரம் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் உதவி யாருக்கு என்று முடிவாகும். மூன்றாம் படிவம் போதும். மலாயும் தமிழும் பேசத் தெரிய வேண்டும்.

அப்பாவிடம் விண்ணப்பப் பாரத்தை நீட்டினேன். அவர் கையெழுத்து வேண்டும்.

"பாரம் த்ரீயோட நின்னவளுக்கு எவன் காசு குடுத்துப் படிக்க வைப்பான்?"

"கவர்மெண்டு."

"சும்மாவா?"

"அஞ்சு வருஷம் அவங்ககிட்டயே வேலை பாக்கணும். நடுவுல போச்சுன்னா நீங்க காச திருப்பிக் கட்டணும்."

"அதான பாத்தேன்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

நேர்முகத்தில் பொருளாதாரம் என்றால் என்ன என்று கேட்டார்கள். தெரியாது, அதைப் படிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

படிப்பில் முக்கியமாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். ஆள் சொல்வதை எழுது. உன் நினைப்பைச் சேர்க்காதே.

கிள்ளானுக்கு அனுப்பினார்கள். தினமும் பஸ். அலுவலகத்தில் எனக்கு மேலே தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்துக்காரர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. ஒரு வருஷம் முடிந்ததும் அவர் நல்லபடியாக எழுதினால் என் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பா போட்ட கையெழுத்து அப்போது வேலை செய்யும்.

முதல் வேலை, கடைத்தெருவில் கணக்கெடுப்பு. பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் கொட்டகை போட்டு, சின்ன வியாபாரிகளுக்கு இடம் பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள். எங்கள் பாரத்தில் வியாபாரி என்று இருந்தால் மனுப் போடலாம். இல்லையென்றால் முடியாது.

கடைகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பூக் கட்டுவார்கள். முதலில் இருந்தவரிடம் என்ன வேலை என்று கேட்டேன். ஐம்பது வயது இருக்கும். மடி நிறைய மல்லிகை.

"வேலை ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான் இருக்கேன்."

சொல்லும்போது கை நிற்கவில்லை. இல்லத்தரசி என்று எழுதினேன். அடுத்தவரும் சும்மாதான் இருந்தார். அதற்கு அடுத்தவரும். இரண்டு நாளில் முப்பத்தொரு பெண்கள். முப்பத்தொரு இல்லத்தரசிகள்.

"கெட்டிக்காரி. ரெண்டு நாளில முடிச்சிட்டாய்" என்றார் தலைமைக் கிளார்க்.

மறுநாள் விடியற்காலை எழுந்தபோது அம்மா பருப்பு ஆட்டிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு வடை போட்டுக் கொடுப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். என் உபகாரச் சம்பள பாரத்தில் அம்மா பெயருக்கு நேரே நான் எழுதியதும் இல்லத்தரசிதான். அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, என்ன வேலைன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவ?"

"சும்மா இருக்கேன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்ல?"

"சும்மா இருக்கறவ எதுக்கு இவ்ளோ வெள்ளன எந்திரிக்கிற?"

"இதக் கேக்கத்தான் கவர்மெண்டு காசு குடுத்துப் படிக்க வச்சுச்சா? தள்ளி நில்லு, மாவு தெறிக்குது."

வேலைக்குப் போய்ப் புது பாரங்கள் எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. நேரே அஞ்சடியில் முதலில் இருந்தவரிடம் போனேன்.

"அக்கா, கையில என்ன?"

"பூ. கண்ணு தெரியலயா?"

"யாருக்கு?"

"கடைக்கு. கோவிலுக்கு. கல்யாண வீட்டுக்கு."

"காசு வாங்குறீங்கதானே?"

"காசில்லாம கட்ட நான் என்ன பைத்தியமா?"

"அப்ப ஏன் சும்மா இருக்கேன்னு சொன்னீங்க?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "லைசன்ஸ் இல்லம்மா. பாரம் தூக்கிட்டு வர்றவளப் பாத்தா பயம். வியாபாரம்னு எழுதினா முனிசிபல்காரன் லோரி கொண்டாந்து கூடையத் தூக்கிருவான். சும்மா உக்காந்திருக்கவள என்ன பண்ணுவான்?"

கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். சும்மா இருப்பவர்களுக்கு அங்கே இடம் கிடையாது என்றேன்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம் லா" என்றார்.

உண்மைதான். சொல்லியிருக்க வேண்டும். வரிசை முழுக்க மறுபடி உட்கார்ந்து எழுதினேன். ஐந்து பேர் பயந்து மறுத்தார்கள். அவர்களை விட்டுவிட்டேன். இருபத்தாறு பாரங்களில் பூ வியாபாரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தலைமைக் கிளார்க் பழைய கட்டையும் புதிய கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"என்ன பிள்ளை இது? முந்தாநாள் வீட்டுக்காரி. இண்டைக்கு வியாபாரியோ?"

"முந்தாநாள் நான் எழுதுனது தப்பு சார்."

"முதல் கட்டின்ர கணக்கை மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. இதைக் கிழிச்சுப் போடு."

"மாட்டேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன்ர வேலையை நிரந்தரமாக்கிற கடிதத்தை நான்தான் எழுதோணும். தெரியுமோ?"

"தெரியும்."

"கொப்பர் காசு கட்டுவாரோ?"

"அப்பா கட்ட மாட்டார். காசு இல்ல. ஆனா கிழிக்க மாட்டேன். மேல அனுப்புங்க. இல்லன்னா நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

அப்படி ஒருவரும் அவரிடம் பேசியதில்லை போல. மற்ற கிளார்க்குகள் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் தலைமைக் கிளார்க், ஏன் மாற்றினேன் என்று மலாயில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஐந்து வரி எழுதினேன். அதில் பிழை இருந்திருக்கும். இரண்டு கட்டையும் அந்த ஐந்து வரியும் மேலே போயின.

பத்து நாளில் ஒரு மலாய் அதிகாரி வந்தார். தலைமைக் கிளார்க்கும் நானும் கூட நடந்தோம். அஞ்சடியில் அதிகாரி குனிந்து, அதே அக்காவிடம், என்ன வேலை என்று மலாயில் கேட்டார்.

அக்கா அவருடைய காலணியைப் பார்த்தார். கழுத்துப் பட்டியைப் பார்த்தார். "வேலை இல்ல துவான். சும்மா இருக்கேன்" என்றார்.

தலைமைக் கிளார்க் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அக்கா, சும்மாதான இருக்கீங்க? பூவக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு நின்னு பேசுங்க" என்றேன்.

"எப்படிம்மா வைக்கிறது? பன்னெண்டு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரன் வருவான். இன்னும் மாலையே முடியல. நீ வேற!" கை போய்க்கொண்டே இருந்தது.

அக்கா என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நேரம் ஆகிவிட்டது அவருக்கு.

என் இருபத்தாறு பாரங்களையும் ஏற்றுக்கொண்டார்கள். எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை. பதினொரு பேருக்குக் கிடைத்தது. அந்த அக்காவுக்கும் கிடைத்தது. மூலையில், வெயில் அடிக்கும் பக்கம். அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

என் கடிதத்தைத் தலைமைக் கிளார்க் ஒரு வருஷம் தள்ளிப் போட்டார். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் நிரந்தரமாகிவிட்டார்கள். போய்க் கேள் என்று அப்பா தினமும் சொன்னார். நான் கேட்கவில்லை. காலையில் நேரத்துக்குப் போனேன், கொடுத்த வேலையைச் செய்தேன். கிழித்துப் போடு என்று அவர் மறுபடி ஒருநாளும் சொல்லவில்லை. கடைசியில் கடிதத்தை மேசை மேல் போட்டு, "பிடிவாதக்காரி" என்றார். எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

அடுத்து செமினிப் பக்கம் கணக்கெடுக்க அனுப்பினார்கள். அங்கே முதல் வீட்டிலிருந்தே, என்ன வேலை என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள், அப்புறம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பாரத்தில் அந்தக் கேள்வி இல்லை. ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் பிடித்தது. இவ்வளவு மெதுவாக எழுதினால் எப்படி என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இப்படித்தான் எழுதுவேன் என்றேன்.