ஓசூருக்கு வந்த நாகப்பட்டினம் புயல்

டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்பது, நாம் செய்யாத தப்புக்கெல்லாம் நம் காதில் திட்டு வாங்கும் வேலை. டிரங்க் கால் புக் செய்துவிட்டு நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். நீங்கள் அந்தப் பக்கம் காத்திருந்தீர்கள், நான் இந்தப் பக்கம் காத்திருந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். தேன்கனிக்கோட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, கியர் செய்யும் கம்பெனி ஒன்றின் போன் போர்டில் உட்காருவேன். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், போர்டில் தமிழும் இங்கிலீஷும். எழுபத்தேழு நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் பெரிய புயல் அடித்ததே, அந்தச் சமயத்தில் என் போர்டுக்கு வந்து போன சில பேச்சுகளைத்தான் சொல்லப் போகிறேன். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது.

ஐஸ் கடை மாணிக்கம்

எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டிய செல்வமணிக்கு ஊர் வேதாரண்யம் பக்கம் ஒரு மீனவக் குப்பம். அப்பா, அம்மா, எட்டு மாதக் கர்ப்பமாக இருந்த மனைவி கனகா எல்லோரும் அங்கேதான். குப்பத்துக்கே ஒரு போன். அதுவும் மீனுக்கு ஐஸ் விற்கும் மாணிக்கம் என்பவரின் கடையில்.

செல்வமணி மாதம் ஒரு தடவை கால் புக் செய்வான். நான் லைன் போட்டதும் மாணிக்கம் முதலில் என்னை ஒரு பாட்டம் திட்டுவார். ஐஸ் உருகுகிறது, ஆள் இல்லை, மழை வருகிறது, என்று ஏதாவது ஒரு காரணம். திட்டி முடித்துவிட்டு, ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, மணலில் நடந்து போய்க் கனகாவைக் கூட்டி வருவதும் அவரேதான். ஒரு நாள் நான், "கொஞ்சம் பொறுமையாப் பேசுங்க சார்" என்றேன். அவர் சொன்னார்: "நான் ஐஸ் விக்கிறவன்மா. சூடா பேசுனாத்தான் எனக்குக் குளிரு தாங்கும்."

கம்பம்

புயல் அடித்த அன்று ஓசூரில் வெறும் தூறல்தான். பஸ் ஸ்டாண்டில் என் புதுக் குடை காற்றில் திரும்பிக்கொண்டது. அதையே பெரிய துக்கமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கம்பெனிக்குள் நுழைந்தேன். கேன்டீன் ரேடியோவில் செய்தி வந்த பிறகுதான் வாயை மூடினேன்.

எண்ணெய்க் கையோடு செல்வமணி என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். ஐஸ் கடை நம்பருக்கு அவசரக் கால் புக் செய்தேன். எக்ஸ்சேஞ்சில் இருந்த அம்மாளை நான் நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். "தஞ்சாவூருக்கு அந்தாண்ட லைனே இல்லம்மா" என்றார். அரை மணிக்கு ஒரு தடவை கேட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை அதையே சொன்னார். அவனைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "பயப்படாத தம்பி, போன் கம்பமெல்லாம் சாஞ்சு கிடக்குதாம், அதனாலதான் லைன் வரல" என்றேன். அவன் சொன்னான்: "கம்பத்துக்குப் பக்கத்து வீடுதான்க்கா எங்க வீடு."

லீவு

ஃபோர்மேன் ராமப்பாவுக்கு ஊர் ஓசூர் பக்கத்துப் பேரிகை. ராகிக் காடு வைத்திருக்கும் குடும்பம். காய்ச்சல் என்று லீவு கேட்டால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மெஷின் இதைவிடச் சூடா இருக்குது, அது லீவு கேக்குதா?" என்பார். அவரிடம் லீவு கேட்கத் தைரியம் இல்லாமல் செல்வமணி என் ஜன்னலையும் லேத்தையும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் ராமப்பாவே வந்தார். தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து அவன் தோளில் போட்டார். "லீவு லெட்டர் எழுதிட்டு வர்றேன் சார்" என்றான் செல்வமணி. ராமப்பா அவனைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்: "உனக்கு எழுத்துப் பிழை இல்லாம எழுத ரெண்டு நாள் ஆவும். முதல்ல பஸ் ஏறு."

பம்பாய்க்காரர்

செல்வமணி போன பிறகு கம்பெனி முழுக்க என் ஜன்னலுக்கு வர ஆரம்பித்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவர், கேன்டீனுக்குப் போகிறவர், எல்லோருக்கும் ஒரே கேள்வி: "போன் வந்துச்சா?" கம்பெனிக்கு இருந்த இரண்டு லைனில் ஒன்றை நான் தொடாமல் அவனுக்காக வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான், கியர் அனுப்பவில்லை என்று பம்பாயிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தினமும் கூப்பிடுவார். புயல் நேரம், லைனைச் சீக்கிரம் விடுங்கள் என்றதற்கு, "கடலுக்கும் ஓசூருக்கும் எவ்வளவு தூரம்?" என்று இங்கிலீஷில் கேட்டார். ஒரு நாள் பயணம் என்றேன். "அப்படியானால் நீங்கள் ஏன் நனைகிறீர்கள்?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. செல்வமணி கதையை மூச்சு விடாமல் சொல்லிவிட்டு லைனைக் கட் செய்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது.

மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். மேனேஜரிடம் புகார் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் கியரைப் பற்றிப் பேசவே இல்லை. "ஒரு நிமிடம்தான் பேசுவேன். அந்தப் பையனின் மனைவி கிடைத்தாளா?" என்றார்.

மாடி

ஆறாம் நாள் காலையில் தஞ்சாவூரிலிருந்து கால் வந்தது. செல்வமணிதான். கனகாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னான். அப்பாவும் அம்மாவும் பிழைத்துவிட்டார்கள். வீடு இல்லை, வள்ளம் இல்லை, தெரு இருந்த இடமே தெரியவில்லை. பாதி வழி பஸ், பாதி வழி விழுந்து கிடந்த மரங்களுக்கு மேல் ஏறி நடை என்று போய்ச் சேர்ந்திருக்கிறான்.

"எப்படித் தப்பிச்சாங்க?" என்றேன். குப்பத்தில் மாடி வைத்த கட்டடம் ஐஸ் கடை ஒன்றுதானாம். தண்ணீர் ஏறியதும் மாணிக்கம் வீடு வீடாகப் போய்த் திட்டித் திட்டி எல்லோரையும் மாடிக்கு விரட்டியிருக்கிறார். கடைசியாக, நடக்க முடியாத ஒரு கிழவியைத் தூக்கி வர இறங்கினவர் திரும்பவில்லை. எக்ஸ்சேஞ்ச் அம்மாள் ஒரு காலுக்கு உண்டான மூன்று நிமிஷம் முடிந்தும் லைனை வெட்டவில்லை. செல்வமணிதான் மெதுவாகச் சொன்னான்: "கனகாவ மேல ஏத்திவிட்டுட்டு, 'ஓசூர்க்காரன் போன் பண்ணா நீ மாடியில இருக்கேன்னு நான் சொல்லிடறேன், போ'ன்னாராம்க்கா."

களி

அந்த வாரமே ராமப்பா பேரிகையிலும் சுற்று ஊர்களிலும் அலைந்து ராகி மாவும் கம்பளியும் சேர்த்தார். கம்பெனி லாரி கொடுத்தது. அரிசிச் சோறு தின்கிறவர்களுக்கு ராகி எதற்கு என்று கேட்டேன். "நாலு நாள் பசி கிடந்தவனுக்குக் களிதான் தாங்கும்" என்றவர், அவர்களுக்குக் கிண்டத் தெரியாது என்று களி கிண்டும் கோலோடு தானே லாரியில் ஏறிவிட்டார். மெஷின் ஷாப்பில் முதல் தடவையாக ஃபோர்மேன் லீவு.

வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் அண்டா வைத்து, வியர்க்க வியர்க்கக் கிண்டி, கருகருவென்று உருண்டை பிடித்து வரிசையாக வைத்திருக்கிறார். தட்டோடு வந்த மீனவப் பெண் ஒருத்தி உருண்டையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: "ஏண்ணே, இதைத் தின்னணுமா, வலை முங்கறதுக்குக் குண்டாக் கட்டணுமா?"

அத்தனை நாளுக்குப் பிறகு அந்த மைதானத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான் என்று லாரி டிரைவர் சொன்னார். ராமப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "சிரிச்சாங்க, ஆனா அண்டா காலி" என்றார்.

ராமப்பா பார்த்த கடல்

ஐம்பது வயதுக்கு மேல் அவர் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததும் அந்தப் பயணத்தில்தான். திரும்பி வந்ததும் எல்லோரும் சுற்றி நின்றோம். எப்படி இருந்தது என்று கேட்டோம். நாங்கள் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நின்றோம். ராமப்பா சொன்னது இதுதான்: "ஒண்ணுமே செய்யாத மாதிரி படுத்துக்கிடக்குது. நம்ம ஷாப்பா இருந்தா மெமோ கொடுத்திருப்பேன்."

அப்பாவின் போன்

தை மாதம் கனகா கைக்குழந்தையோடும் மாமியாரோடும் ஓசூர் வந்துவிட்டாள். பெண் குழந்தை. இந்த ஊர்க் குளிருக்கு இரண்டு கம்பளி போர்த்தி, மூக்கு மட்டும் தெரியும்படி தூக்கி வருவாள். செல்வமணியின் அப்பா மட்டும் வரமாட்டேன் என்று அங்கேயே நின்று, இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து புது வள்ளம் கட்டிக்கொண்டிருந்தார்.

லைன் சரியானதும் வேதாரண்யம் தபாலாபீஸிலிருந்து ஒரு நாள் அவர் கூப்பிட்டார். ஆயுளில் முதல் போன். செல்வமணி மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தான், பின்னாலேயே ராமப்பாவும் வந்தார். அந்தப் பக்கம் அப்பா, நடுக்கடலில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினார். "சாப்டியாடா?" இவனும் கத்தினான். "சாப்டேன்ப்பா. நீ சாப்டியா?" குழந்தை சாப்பிட்டதா, கனகா சாப்பிட்டாளா என்று அதே கேள்வி சுற்றிச் சுற்றி வந்து, கடைசிப் பத்து நொடியில்தான் கிழவர், "வள்ளம் தண்ணியில எறங்கிடுச்சுடா" என்றார். அதற்குள் மூன்று நிமிஷம் முடிந்தது. எக்ஸ்சேஞ்ச் அம்மாள் குறுக்கே வந்து சொன்னார்: "ஐயா, அடுத்த தடவை போனை வச்சுட்டே பேசுங்க, உங்க குரலுக்கு ஓசூர் வரைக்கும் கம்பியே தேவையில்ல."

இருபது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கண்டது இவ்வளவுதான்: லைன் கிடைக்காதபோது உலகத்தையே கேட்க நினைக்கிற மனிதர்கள், லைன் கிடைத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டே மூன்று நிமிஷத்தையும் தீர்த்துவிடுகிறார்கள்.